மல்டிகன் போட்டியில் முதல் அடி: எளிய கருவிகளா, பந்தயக் கருவிகளா?

கைத்துப்பாக்கி, ரைஃபிள், சிறுகுண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றி மாற்றிச் சுடும் மல்டிகன் போட்டி 1980-களில் அமெரிக்காவில் உருவெடுத்தது. இன்றும் அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வேலைக்காக அங்கே சென்று சில ஆண்டுகள் தங்கும் நம்மவர்களில், தேசிய சேவையில் துப்பாக்கி பிடித்த பழக்கத்தை நம்பி இதில் இறங்க விரும்புவோர் முதலில் கேட்பது, என்ன வாங்க வேண்டும் என்பதைத்தான். கடைகளும் காணொளிகளும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட கருவிகளைக் காட்டி மலைக்க வைக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் பணத்தைக் கருவியில் கொட்டாமல் தோட்டாவிலும் நுழைவுக் கட்டணத்திலும் செலவிடுவதே நல்லது. மூன்றில் ஷாட்கனைக் கடைசியாக எடுப்பது அதைவிட நல்லது.

கருவிக்கு முன்னால் சட்டம். சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. வெளிநாட்டுப் போட்டியாளர்கள் வீட்டுக்கூடத்தில் பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மாலைதோறும் உறையிலிருந்து உருவிப் பழகுவார்கள். இங்கே அந்த ஏர்சாஃப்ட் துப்பாக்கியைக் கூடத் தனியார் வீட்டில் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவிலும் எல்லாம் திறந்து கிடப்பதாக எண்ண வேண்டாம். குடியேற்றம் சாராத விசாவில் அந்நாட்டில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் முறையாக வழங்கிய வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அச்சட்டமே விலக்கும் அளிக்கிறது. நிரந்தரவாசிக்கு இந்தத் தடை இல்லை. வேலை விசாவில் செல்லும் நண்பர்கள், துப்பாக்கிக் கடைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, ஒரு வழக்கறிஞரிடம் தங்கள் நிலையை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அமெரிக்கா செல்லும்வரை காத்திருக்கும் காலத்தில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உள்ளூர் மன்றத்தில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுவது. மற்றொன்று, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் போன்ற அண்டை நாடுகளில் ஐபிஎஸ்சி (பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) முறைக் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்குப் போய்வருவது. முதலாவதில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள், நின்ற இடத்தில் நின்றபடி, 11.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பத்தாம் வளையத்தை நோக்கிச் சுட வேண்டும். கிளாஸ்கோ 2014 காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் தியோ ஷுன் சியே தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். மல்டிகனில் பெரும்பாலும் குறிவைக்கும் அட்டையின் நடுப்பகுதியோ ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமும் 28 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. இவ்வளவு பெரிய இலக்குக்கு அவ்வளவு நுட்பம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் விசையை இழுக்கும்போது முனை அசையாமல் வைத்திருக்கும் பழக்கம், மூச்சிரைக்க ஓடிவந்து 25 மீட்டருக்கு அப்பாலுள்ள இரும்புத் தட்டைச் சுடும் நேரத்தில்தான் கைகொடுக்கும். அந்தப் பழக்கத்தை ஏர் பிஸ்டலைவிடக் குறைந்த செலவில் கற்றுத்தரும் வேறொன்றை நான் காணவில்லை.

ஐபிஎஸ்சி வழி மல்டிகனுக்கு இன்னும் நெருக்கமானது. உறையிலிருந்து உருவுவது, நகர்ந்துகொண்டே சுடுவது, மேகசின் எனும் தோட்டாக்கூட்டை மாற்றுவது, எந்நேரமும் துப்பாக்கி முனை பின்பக்கம் திரும்பாமல் 180 பாகைக்குள் வைத்திருப்பது ஆகிய அனைத்தும் அங்கே பழகிவிடும். 2022-இல் ஐபிஎஸ்சி கைத்துப்பாக்கி உலகப் போட்டியே பட்டாயாவில் நடந்ததிலிருந்து, வட்டாரத்தில் இந்த விளையாட்டு எவ்வளவு ஊன்றியிருக்கிறது என்பது விளங்கும். ஆனால் புள்ளிக் கணக்கு வேறு. ஐபிஎஸ்சியில் பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். பெரும்பாலான மல்டிகன் போட்டிகளில் எடுத்துக்கொண்ட நேரத்தோடு தவறுகளுக்கான தண்டனை விநாடிகளைக் கூட்டுவார்கள். ஐபிஎஸ்சி பழகியவர் மல்டிகனில் தேவைக்கு மேல் குறிபார்த்து நேரத்தை இழப்பதும், மல்டிகன் பழகியவர் ஐபிஎஸ்சியில் அவசரப்பட்டுப் புள்ளியை இழப்பதும் இதனால்தான். விமானச் செலவைத் தாங்க முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள். முடியாவிட்டால் ஏர் பிஸ்டலே போதும்.

இனி கருவிகளுக்கு வருவோம். கைத்துப்பாக்கியில் நீண்ட விவாதம் தேவையில்லை. 9 மில்லிமீட்டர் கிளாக் 17 அல்லது அதன் வகையைச் சேர்ந்த முழு அளவுத் துப்பாக்கி சுமார் 500 முதல் 600 அமெரிக்க வெள்ளிக்குக் கிடைக்கும். இரட்டை அடுக்கு மேகசின் கொண்ட, ‘2011’ என்ற பெயருடைய வகைப் பந்தயத் துப்பாக்கி அதைப்போல நான்கு மடங்கு விலைக்குப் போகும். பின்னதன் விசை மிக மென்மையானது என்பது உண்மை. ஆயினும் மல்டிகனில் கைத்துப்பாக்கி இலக்குகள் பெரும்பாலும் அருகிலேயே இருப்பதால், அந்த மென்மையால் ஒரு புதியவருக்குக் கிடைக்கும் விநாடிகள் சொற்பம். மிச்சமாகும் பணத்தில் உறுதியான இடுப்புப் பட்டையும், விசைப்பகுதியை முழுதாக மூடும் கெட்டியான உறையும், நான்கைந்து மேகசின்களும் வாங்கிக்கொள்ளலாம். துணி உறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஓடும்போது துப்பாக்கி நழுவி விழுந்தால் அன்றைய போட்டியிலிருந்து உடனே வெளியேற்றிவிடுவார்கள்.

ரைஃபிளில் 16 அங்குலக் குழல் கொண்ட சாதாரண ஏஆர்-15 ஒன்றே புதியவருக்குப் போதும். தேசிய சேவை முடித்தவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் பழகிய எஸ்ஏஆர் 21-இல் மேகசின், கைப்பிடிக்குப் பின்னால், தோளுக்கு அருகில் செருகப்படும். ஏஆர்-15-இல் அது கைப்பிடிக்கு முன்னால் இருக்கிறது. நெருக்கடியில் கை தானாகவே பழைய இடத்தைத் தேடிப்போகும். தோட்டா ஏதும் இல்லாமல், மேகசினை மட்டும் செருகிக் கழற்றிச் செருகிக் கழற்றிப் பல மாலைகள் பழகினால்தான் அந்தக் கை மாறும். இருந்தாலும் தேசிய சேவை கற்றுத்தந்த சுடுகள ஒழுக்கம், சுட்டு முடித்ததும் ஆயுதத்தைக் காலிசெய்து காட்டும் பழக்கம், சுடாதபோது விசையில் விரல் வைக்காமை ஆகியவை பிறருக்கு எளிதில் வாய்க்காத சொத்து.

ரைஃபிளில் உண்மையான தேர்வு, அதன் மேல் பொருத்தும் குறிகாட்டியில்தான் இருக்கிறது. கண்ணாடியில் ஒளிரும் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டி, பெரிதாக்கிக் காட்டாத ரெட் டாட் ஒருபுறம், ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப் மறுபுறம். பத்து மீட்டரில் வரிசையாக நிற்கும் அட்டைகளை ரெட் டாட் மிக விரைவாக முடித்துவிடும். ஸ்கோப்பைப் போலக் கண்ணைக் குறிப்பிட்ட தொலைவில் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் சாதாரண ரெட் டாட்டின் புள்ளி 100 கஜத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலத்தையும் 200 கஜத்தில் நான்கு அங்குலத்தையும் மறைத்துவிடும் என்பதால், தொலைவில் வைத்த எட்டு அங்குலத் தட்டின் பாதி அகலம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பல உள்ளூர் மன்றங்களின் மைதானங்கள் 100 கஜத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அத்தகைய மன்றத்தில்தான் தொடங்குகிறீர்கள் என்றால் ரெட் டாட்டே போதும். பெரிய போட்டிகளில் 300 கஜத்துக்கு அப்பாலும் தட்டுகள் நிற்கும், அங்கே ஸ்கோப் இல்லாமல் சமாளிப்பது கடினம். ஒரே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவருக்கு, சுமார் 300 அமெரிக்க வெள்ளியில் கிடைக்கும் ஓரளவு நல்ல ஒன்று-ஆறு ஸ்கோப்பையே பரிந்துரைப்பேன். எதை வைத்தாலும் 50 கஜத்தில் தோட்டா குறியிலேயே படும்படி சரிபார்த்துக்கொண்டால், ஏஆர்-15 சுடும் 5.56 தோட்டா ஏறக்குறைய 200 கஜத்திலும் அதே குறிக்குத் திரும்பி வரும். இடைப்பட்ட தூரத்தில் சற்றே மேலே பாயும்.

தோட்டா வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எஃகு நுனி கொண்ட எம்855 போன்ற தோட்டாக்கள் இரும்புத் தட்டுகளைக் குழிபறித்துக் கெடுப்பதால் பெரும்பாலான போட்டிகளில் அவற்றுக்கு அனுமதி இல்லை. காந்தம் ஒட்டும் தோட்டாப் பெட்டியோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதில், சுடுகளத்தை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசர்கள் தயவு காட்டமாட்டார்கள்.

ஷாட்கனில்தான் எளிய கருவிக்கும் பந்தயக் கருவிக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாகத் தெரியும். காரணம் சுடுவதில் இல்லை, நிரப்புவதில் இருக்கிறது. ஷாட்கனுக்கு மேகசின் செருகும் வசதி, கருவிக் கட்டுப்பாடு மிகக் குறைந்த ஓபன் பிரிவில் மட்டுமே பெரும்பாலும் அனுமதிக்கப்படுகிறது. மற்றப் பிரிவுகளில் குழலுக்குக் கீழேயுள்ள குழாயில் ஷெல்களை (ஷாட்கன் தோட்டாக்களை) கையால் தள்ளி நிரப்ப வேண்டும். டாக்டிகல் பிரிவில் தொடக்கத்தில் ஒன்பது ஷெல்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பரவலான விதி. ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், பதினாறு ஷாட்கன் இலக்குகள் இருந்தால், ஒரு குண்டுகூடத் தவறாமல் சுட்டாலும் நடுவில் ஏழு ஷெல்களை ஓடிக்கொண்டே நிரப்பியாக வேண்டும். தேர்ந்தவர் பெல்ட்டிலிருந்து நான்கு ஷெல்களை ஒரே பிடியில் எடுத்து, இரண்டிரண்டாகக் கட்டைவிரலால் தள்ளிவிடுவார். புதியவர் ஒவ்வொன்றாகத் தடவித் தடவி நிரப்புவார். ஒரு ஸ்டேஜில் பத்துப் பதினைந்து விநாடிகள் இங்கேயே போய்விடும். அவ்வளவு நேரத்தை எந்த விலையுயர்ந்த கைத்துப்பாக்கியாலும் மீட்க முடியாது.

அதனால் இங்கே சற்று நின்று ஒப்பிடுவோம். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளும் மாஸ்பெர்க் 500 பம்ப் ஆக்‌ஷன் சுமார் 400 அமெரிக்க வெள்ளி, வழக்கமாகத் துப்பாக்கியின் சுடும் அறையில் ஒன்றும் குழாயில் ஐந்தும் கொள்ளும். அதே குடும்பத்தைச் சேர்ந்த 590, 20 அங்குலக் குழலோடு குழாயில் எட்டுக் கொள்ளும். ரெமிங்டன் 870-உம் ஏறக்குறைய அதே விலைதான். ஆனால் 870-இல் ஷெல்லைத் தூக்கும் தகடு நிரப்பும் வாயை மூடியபடி கிடக்கும்; ஒவ்வொரு முறையும் அதை அழுத்திக்கொண்டே தள்ள வேண்டியிருப்பதால் கட்டைவிரல் சிக்கிக் கிள்ளும். மாஸ்பெர்க்கில் அந்தத் தகடு மேலேயே தூக்கி நிற்பதால் வாய் எப்போதும் திறந்திருக்கும். பாதுகாப்பு விசையும் மேற்புறத்தில், இடக்கையருக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. நிரப்பப் பழகுபவருக்கு இந்தச் சிறிய வேறுபாடு பெரிய நிம்மதி. பெனெல்லி எம்2 போன்ற, அடுத்த ஷெல்லைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ 1,400 அமெரிக்க வெள்ளிக்கு மேல் போகும். அதை வாங்கியும் நிரப்பும் வாயை அகலப்படுத்த ஒரு துப்பாக்கி வினைஞரிடம் கொடுக்க வேண்டும், குழாயை நீட்ட வேண்டும், ஷெல் தாங்கிகள் வாங்க வேண்டும். இவையெல்லாம் முடிந்தால் அது உலகத்தரம் வாய்ந்த கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் நிரப்பத் தெரியாத கையில் அதுவும் மாஸ்பெர்க்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தைத்தான் எடுக்கும்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க எளிய வழி, ஷாட்கன் இல்லாத டூகன் போட்டிகளில் தொடங்குவது. ரைஃபிளும் கைத்துப்பாக்கியும் மட்டும் இருப்பதால் செலவு குறைகிறது, சுமை குறைகிறது. ஒரு துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுக்கும் முறை மட்டும் முழுதாகப் பழகும். மல்டிகனில் புதியவர்கள் அதிகம் வெளியேற்றப்படுவது அந்த இடத்தில்தான் என்பதால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. ரைஃபிளைச் சுட்டு முடித்து அதற்கென வைத்த பீப்பாயிலோ தாங்கியிலோ வைக்கும்போது, ஒன்று அது முற்றிலும் காலியாக இருக்க வேண்டும், அல்லது பாதுகாப்பு விசை போட்டிருக்க வேண்டும். முனை பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க வேண்டும். விரைவு பார்க்காமல், பாதுகாப்பு விசையைப் போட்டதை விரலால் தொட்டு உணர்ந்த பிறகே கையை எடுங்கள்.

மூன்று துப்பாக்கியையும் கட்டாயம் பழக விரும்புவோர், தாமே வாங்காமல் முதல் போட்டிக்கு இரவல் கேட்டுப் பாருங்கள். ஒரே குழுவில் சுடுபவர்கள் புதியவருக்குத் தங்கள் ஷாட்கனையும் ஷெல் தாங்கிப் பட்டையையும் கொடுத்துதவுவது அங்கே வழக்கம். தோட்டாவை மட்டும் நீங்கள் கொண்டுவந்தால் போதும். விசாவில் இருப்பவருக்கு இரவலும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வரலாம் என்பதால், முன்பு சொன்ன சட்ட நிலையை உறுதிசெய்யாமல் இதையும் செய்ய வேண்டாம். களிமண் தட்டுகளுக்கும் சாயும் இரும்புக்கும் 7½ எண் சிறுகுண்டு ஷெல்கள் போதும், ஸ்லக் எனும் ஒற்றைப் பெருங்குண்டு தேவைப்படுமா என்பதைப் போட்டி அறிவிப்பில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தையும் வைத்துப் பார்த்தால், நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான்: இங்கிருக்கும்போது ஏர் பிஸ்டல், அங்கே சென்றதும் கிளாக் வகைத் துப்பாக்கியும், ஸ்கோப் வைத்த சாதாரண ஏஆர்-15-உம், டூகன் போட்டிகளில் ஓராண்டு, பிறகு மாஸ்பெர்க். பெனெல்லி பற்றிய பேச்சை, ஏழு ஷெல்களைப் பார்க்காமல் நிரப்ப முடிந்த பிறகு எடுப்போம்.

ஊருக்குத் திரும்பும்போது போட்டிக்குக் கொண்டுசென்ற பையை அப்படியே விமானத்தில் ஏற்றாதீர்கள். மைதானத்தில் பொறுக்கிய வெற்றுத் தோட்டா உறையும், பட்டைப் பையின் மூலையில் ஒளிந்த ஒரு ஷெல்லும் சாங்கியில் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். பைகளை உள்வெளியாகத் திருப்பி உதறிப் பாருங்கள், ஒவ்வொரு தையலையும் விரலால் தடவுங்கள். போட்டிக்கென்று வைத்த பையை அங்கேயே விட்டுவிட்டு, வேறு பையோடு விமானம் ஏறுவது இன்னும் உத்தமம்.