பாலிஷ் கேப் கோழி வாங்குபவர்களே, காசு கொடுக்கும் முன் குடுமியைத் தூக்கிப் பாருங்கள்

ஐப்பசி மழை நேரத்தில் சென்னையில் பேன்சி கோழி விற்கும் ஒருவரிடம் எங்களில் ஒருவர் வாங்கிய ஜோடியைப் பற்றிய பதிவு இது. தலையில் பெரிய குடுமி இறகு உள்ள அழகுக்கோழி இனமான பாலிஷ் கேப், நாலு மாத வயது, ஒரு சேவல் ஒரு பெட்டை, தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, தீவனமும் மருந்துப் பொடியும் இலவசம், விலை நாலாயிரம். இதில் சொன்னபடி இருந்தது விலை மட்டும்தான். விற்றவர் பெயர் வேண்டாம். ஏமாற்றிய விதத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜோடி என்று கொடுத்த இரண்டுமே சேவல். பாலிஷில் பெட்டையின் குடுமி பந்துபோல உருண்டு நிற்கும், இறகின் நுனி வட்டமாக இருக்கும். சேவலுக்கு இறகு நீண்டு கூராகி, பிரிந்த துடைப்பம் மாதிரி நாலாபக்கமும் சாயும். நாலு மாதத்தில் இது நன்றாகவே தெரியும். அது தெரியக் கூடாதென்றுதான் "கண்ணு தெரியணும்ல சார்" என்று குடுமியை ஒட்ட வெட்டி வைத்திருந்தார். கண்ணோரத்து இறகை வெட்டுவது தப்பில்லை, நாங்களும் வெட்டுகிறோம்; ரத்தம் ஓடும் இளம் இறகைத் தொடாமல், பார்வையை மறைப்பதை மட்டும். தலை முழுக்க மொட்டை என்றால் வாங்காதீர்கள். பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி இனத்தில் ஆண் பெண் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். அதில் குஞ்சுகளை "ஜோடி" என்று விற்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

பெரிய சேதம் அந்த இலவசப் பொடியில் இருந்தது. இரண்டு பொட்டலம். ஒன்று ஆன்டிபயாடிக். அது உள்ளே போகிறவரை கோழி துறுதுறுவென்று இருந்தது. நிறுத்திய சில நாளில் கண்ணில் நுரை, கன்ன வீக்கம், மூக்கில் நாற்றமடிக்கும் சளி. கொரைசா என்ற தொற்றுச் சளிநோய். மருந்து இதன் அறிகுறியை அடக்கும், கிருமியை முழுதாக விரட்டாது. தேறிய கோழியும் மற்றதற்குப் பரப்பிக்கொண்டே இருக்கும். குடுமியும் தாடியும் உள்ள இனத்தில் முக வீக்கம் இறகுக்குள் ஒளிந்துகொள்வதால் வீட்டுக்காரருக்கு இது கடைசியில்தான் தெரியும். புதுக்கோழியை 30 நாள் தனிக்கூண்டில், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வைக்காமல் பழைய கோழிகளோடு சேர்க்கவே கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு பொட்டலம் ஆம்ப்ரோலியம். "ரத்தக்கழிச்சல் வராது, தினமும் தண்ணியில கலங்க" என்றார். ரத்தக்கழிச்சலுக்கு அது நல்ல மருந்துதான். 20 சதவீதப் பொடியென்றால் லிட்டருக்கு 1.2 கிராம், 3 முதல் 5 நாள், பிறகு அளவைக் குறைத்து ஒன்றிரண்டு வாரம். வருடம் முழுக்கக் கொடுக்கிற டானிக் இல்லை. கழிச்சல் கிருமிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்வதுதான் அதன் வேலை. அளவு மீறி நீண்டநாள் கொடுத்தால் கோழிக்கும் பி1 பற்றாமல் தலை பின்னால் வளைந்து வானத்தைப் பார்க்கும். பயந்துபோய் மருந்து கொடுத்துக்கொண்டே பி காம்ப்ளெக்ஸும் ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். முதலில் மருந்தை நிறுத்துங்கள்.

கழுத்துத் திருகலுக்கு இது ஒன்றே காரணமும் இல்லை. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்), மாரெக்ஸ் (நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய்), வைட்டமின் ஈ குறைவு, எல்லாவற்றிலும் கழுத்து திரும்பும். குடுமி இனங்களுக்கு இன்னொன்றும் உண்டு: குடுமிக்கு அடியில் மண்டையோடு புடைத்திருக்கும், குஞ்சில் அந்த இடம் சரியாக மூடியிருக்காது. வேறு கோழி அங்கே ஒரு கொத்து கொத்தினாலே மூளை அடிபடும். பார்வையும் மறைவதால் கூட்டத்தில் அடிவாங்குவது எப்போதும் இதுதான். சண்டைக்கோழி இனமான அசீல் சேவலோடு ஒரே கூண்டில் விடாதீர்கள்.

தீவனம் என்று கொடுத்தது லேயர் மாவு, அதாவது முட்டையிடும் கோழிக்கான தீவனம். அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம். வளரும் கோழிக்கு ஒரு சதவீதம் போதும். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாவு வேறு தாடியில் ஒட்டிக் காய்ந்து கட்டியாகும். 20 சதவீதப் புரதமுள்ள ஸ்டார்ட்டர் கிரம்பிள்ஸில் (குஞ்சுக்கான குருணைத் தீவனம்) ஆரம்பித்து, எட்டு வாரத்துக்குப் பிறகு 16 சதவீதப் புரதமுள்ள குரோயர் (வளரும் கோழிக்கான தீவனம்). இறகு உதிர்க்கும்போது மறுபடி புரதத்தைக் கூட்டுங்கள். கம்பும் குருணையும் கைப்பிடி நொறுக்குத்தீனி, சாப்பாடாகாது. மழைக்காலச் சென்னையில் மூட்டையாக வாங்கி வைத்தால் மக்காச்சோளமும் கடலைப்புண்ணாக்கும் பூஞ்சை பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். தண்ணீருக்கு நிப்பிள் (கொத்தினால் சொட்டும் குழாய்) அல்லது வாய் குறுகிய கிண்ணம். தட்டில் வைத்தால் குடுமி நனைந்து கண் புண்ணாகும்.

"தடுப்பூசி போட்டாச்சு" என்றால் எது, எந்த நாளில் என்று கேளுங்கள். மாரெக்ஸ் குஞ்சு பொரித்த முதல் நாளே கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டியது. வளர்ந்த பிறகு போட்டுப் பெரிதாகப் பயனில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு 7ஆம் நாள் கண்ணில் சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் ஊசி. இந்த விற்பனையாளருக்கு "எல்லாம்" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை.

வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் குடுமியை அடியிலிருந்து பிரித்து வேரைப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக இருந்தால் பேன் முட்டை, ஓடும் கரும்புள்ளி செள். மருந்து போட்டாலும் முட்டை தப்பும், பத்து நாளில் மறுபடி போடணும். மருந்து கண்ணுக்குள் போகக் கூடாது. மூக்கருகே முகர்ந்து பாருங்கள். ஆசனவாய் இறகில் பச்சை, வெள்ளை எச்சம் ஒட்டியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிச் செத்துப்போயிருந்தால் ஃப்ரீசரில் போடாதீர்கள், உறைந்தால் திசு கெட்டுவிடும். பையில் கட்டி ஐஸ் மேல் வைத்து, அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் உடற்கூறாய்வு பற்றிக் கேளுங்கள். அந்த இலவசப் பொடியின் உறையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.