ஹேண்ட்பிரேக்கும் அப்பாவின் 63 டிவிடிகளும்

அப்பாவுக்கு ஒரு காலத்தில் டிவிடி ரெக்கார்டர் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய விஎச்எஸ் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிவிடியில் பதிவார். முடிந்ததும் மார்க்கரால் வட்டின் மேல் தலைப்பு எழுதுவார். 'பாப்பா நடக்கிறாள் 2', 'மாடி, மழை', 'என்னவென்று தெரியவில்லை, பார்க்கவும்'. கேமராவில் நேராகப் பதிந்த இரண்டையும் சேர்த்து மொத்தம் 63. அந்தப் பாப்பா நான்தான். இன்று என் வீட்டில் டிவிடி ஓட்டும் கருவி ஒன்றுகூட இல்லை. அதனால் எல்லாவற்றையும் வீடியோ கோப்புகளாக மாற்ற உட்கார்ந்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அதிகம் பழகியது, வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள். அதைப் பற்றியும், அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

முதலில் சோம்பேறித்தனமாக, மாற்றிக் கொடுக்கும் இடம் ஒன்றில் ஐந்து வட்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன். பெயர் வேண்டாம். திரும்பி வந்த கோப்புகளில் எல்லாருக்கும் முகம் அகலமாகியிருந்தது. பழைய டிவி அளவான 4:3 படத்தை, அகலத்திரை அளவான 16:9 ஆக இழுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவர்கள் லோகோ சுழன்று சுழன்று வந்தது. அப்பா பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு குண்டாவா இருந்தேன்?" என்றார். சரி, நாமே செய்துகொள்வோம் என்று யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன்.

ஹேண்ட்பிரேக் இலவசம், திறமூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எரிக் பெட்டி என்பவர் 2003-ல் பீஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கியது. 1.0 என்ற எண்ணைத் தொட 2016 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டது. பதின்மூன்று வருடம் 'இன்னும் முழுசாகவில்லை' என்று சொல்லிக்கொண்டே எல்லார் கணினியிலும் உழைத்த மென்பொருள். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

நான் செய்த தப்பு, வட்டை டிரைவில் போட்டு ஹேண்ட்பிரேக்கை நேராக அதிலிருந்தே படிக்க விட்டது. முதல் பதின்மூன்று வட்டுகள் பிரச்சினை இல்லாமல் வந்தன. பதினான்காவது பாதியைத் தாண்டியதும் டிரைவ் முனக ஆரம்பித்தது. சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். ஒரு மணி நேரம் காத்திருந்து நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால் நோயாளி வட்டைத்தான் மேலும் படுத்துகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பதிவு செய்யும் டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயில், சூடு, வயது எல்லாம் அதைத் தின்னும். முதலில் வட்டை முழுசாக ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது வட்டின் அச்சு அசலான நகலாக, ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொள்ள வேண்டும். மாற்றும் வேலையை அப்புறம் நிதானமாகச் செய்யலாம். ஹேண்ட்பிரேக் ஐஎஸ்ஓவை வட்டு மாதிரியே திறக்கும்.

நல்ல வட்டுகளுக்கு எந்த நகல் மென்பொருளும் போதும். மோசமானவற்றுக்கு நான் பயன்படுத்தியது க்னூ டிடிரெஸ்க்யூ. பொத்தான் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். ஆனால் அதன் புத்தி பெரிய புத்தி. சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றிடம் திரும்பி வரும். வட்டில் தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும், அவற்றுக்குச் செக்டர் என்று பெயர், டிவிடியில் ஒரு செக்டர் 2048 பைட். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பு எழுதிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். அதைவிடப் பெரிய வசதி, வேறொரு டிரைவில் அதே வட்டைப் போட்டுத் தொடரலாம். அந்தப் பதினான்காவது வட்டில் என் புது டிரைவ் 11 எம்பியை விட்டுவிட்டது. தம்பியின் பழைய லேப்டாப்பில் இருந்த டிரைவ் அதில் முக்கால்வாசியை எடுத்துக் கொடுத்தது. ஒரு டிரைவுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிகிறது.

விடுபட்ட மீதியால் என்ன ஆகும்? டிவிடியில் உள்ள எம்பெக்-2 என்ற சுருக்கு முறை வீடியோ ஒவ்வொரு பிரேமையும் முழுப்படமாக வைத்திருக்காது. பன்னிரண்டு, பதினைந்து பிரேமுக்கு ஒன்றுதான் முழுசு. மற்றவை 'போன படத்திலிருந்து இங்கே இவ்வளவு மாற்றம்' என்ற குறிப்புகள். அதனால் ஒரு செக்டர் போனாலும் அடுத்த முழுப்படம் வரும்வரை, ஏறக்குறைய அரை நொடிக்கு, கட்டம் கட்டமாகச் சிதறும். எங்களுக்குப் போனது யாரோ ஒருவரின் செருப்பையும் தரையையும் நீளமாக எடுத்த காட்சி. வருத்தமில்லை.

வட்டைத் துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், சுற்றிச் சுற்றி அல்ல. டிரைவ் படிப்பது வட்டப் பாதையில், அதே திசையில் கீறல் விழுந்தால் படிக்கவே வராது. காகித ஸ்டிக்கர் ஒட்டிய வட்டுகள் வேகமாகச் சுற்றும்போது தள்ளாடும். என் பெட்டியில் அப்படி நான்கு. உரிக்காதீர்கள், மேல் படலம் கூடவே வந்துவிடலாம். வேகத்தைக் குறைத்துப் படிக்க வைத்ததில் நான்கில் மூன்று பிழைத்தன.

இனி ஹேண்ட்பிரேக். திறந்ததும் அது வட்டை ஆராய்ந்து 'டைட்டில்'களாகப் பிரித்துக் காட்டும். ரெக்கார்டரில் பதிந்த வட்டில் அப்பா ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கியதும் ஒரு டைட்டில். எல்லாவற்றையும் வரிசையில் சேர்த்து, தொடங்கு என்று அமுக்கிவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் கோப்புகள் காத்திருக்கும். பாதி வட்டுகளை இப்படி முடித்துக் குடும்பத்துக்கு அனுப்பிய பிறகு அத்தை போன் செய்தார். "அம்மா கையை நீட்டிக் கேமராவை மறைப்பாங்களே, 'எடுக்காதே போ'ன்னு, அது எங்கேம்மா?"

இல்லை. வட்டில் இருக்கிறது, கோப்புகளில் இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். விஷயம் இதுதான்: ஹேண்ட்பிரேக்கின் அமைப்புகளில் 'குறைந்தபட்ச டைட்டில் நீளம்' என்று ஒன்று உண்டு. முன்னிருப்பாக 10 நொடி. கடையில் வாங்கும் வட்டுகளில் மெனுவுக்காக வைத்திருக்கும் துண்டுகளைக் கழிக்க அது நல்ல யோசனை. அத்தை கேட்ட, அவர் அம்மா, அதாவது என் பாட்டி வரும் துண்டு ஏழு நொடி. நான்தான் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. அதைச் சுழியத்துக்கு இறக்கி எல்லா ஐஎஸ்ஓவையும் மறுபடி ஆராய்ந்ததில் இன்னும் பத்தொன்பது குட்டித் துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலும் அப்பா லென்ஸ் மூடியைக் கழற்றுவது. ஆனால் ஒன்று பாட்டி. ஐஎஸ்ஓ கையில் இருந்ததால்தான் வட்டுகளை மறுபடி தேடி எடுக்காமல் இதைச் செய்ய முடிந்தது.

அடுத்தது நான் அதிக நேரம் செலவிட்ட இடம்: கோடுகள். எங்கள் வட்டுகள் எல்லாம் பிஏஎல் என்ற பழைய டிவி முறை, 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம். (எல்லாரும் 'பால்' என்றே சொல்வார்கள், அம்மா ஒருமுறை 'பால் டிவிடியா?' என்று கேட்டார்.) ஆனால் அந்த 25 பிரேம் ஒவ்வொன்றிலும் இரண்டு தருணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒற்றை வரிகள் ஒரு தருணம், இரட்டை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து அடுத்த தருணம். பழைய டிவி இரண்டையும் மாற்றி மாற்றி வரையும், கண்ணுக்குத் தெரியாது. கணினித் திரையில் இரண்டும் ஒன்றாக வரும். நான் ஊஞ்சலில் ஆடும் காட்சியை நிறுத்திப் பார்த்தால், பின்னால் சுவர் தெளிவாக இருக்கிறது, என் முகத்தின் ஓரம் மட்டும் சீப்பின் பற்கள் மாதிரி பிய்ந்து நிற்கிறது.

ஹேண்ட்பிரேக்கில் இதற்கு டீகோம்ப் என்ற வடிகட்டி இருக்கிறது. எந்த பிரேமில் சீப்பு தெரிகிறதோ அதை மட்டும் சரிசெய்யும். போதும்தான். ஆனால் அது 25 பிரேமாகவே வெளியே விடும்போது ஊஞ்சல் லேசாகத் தடுக்கித் தடுக்கி ஆடியது. சிறுவயதில் டிவியில் பார்த்த அந்த வழுக்கல் இல்லை. பிறகு வடிகட்டியின் 'பாப்' முறையைத் தேர்ந்து, பிரேம் வேகத்தை 50 என்று நானே குறித்தேன். இரண்டு தருணங்களும் தனித்தனிப் படமாகப் பிரிந்தன. கோப்பு கொஞ்சம் பெரிசாகிறது. ஊஞ்சல் ஊஞ்சலாக ஆடியது. அப்பாவிடம் இரண்டையும் காட்டினேன். வித்தியாசம் தெரியவில்லை என்றார். கொஞ்சம் கழித்து, "இரண்டாவதுதான் நம்ம வீட்டு டிவி மாதிரி இருக்கு" என்றார்.

அளவு விஷயத்தை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. டிவிடியில் புள்ளிகள் சதுரமல்ல என்பது அதற்குத் தெரியும். தானாகச் செய்யும் அமைப்பை அப்படியே விட்டால் யாரும் குண்டாக மாட்டார்கள். விஎச்எஸ்ஸிலிருந்து வந்த படமென்றால் கீழே சில வரிகள் கோணல்மாணலாகத் துடிக்கும். கேசட் கருவியின் தலைகள் மாறும் இடம் அது, பழைய டிவி அதைத் தன் சட்டத்துக்குள் மறைத்துவிடும். கீழிருந்து பத்து வரியைக் கையால் வெட்டிவிட்டேன்.

தரத்துக்கு ஆர்எஃப் என்று ஒரு எண். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் கூடும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்பதுதான் அவர்களே சொல்லும் பரிந்துரை. நான் 19-ல் நின்றேன். இரண்டு மணி நேர வட்டு முழுதாக 4.7 ஜிபி, மாற்றிய பிறகு 2 ஜிபிக்கு மேலேயே வந்தது சில. விஎச்எஸ் புள்ளி இரைச்சலை மென்பொருள் நுணுக்கமான விவரம் என்று நினைத்துப் பத்திரமாகக் காப்பாற்றுகிறது, அதனால்தான் இந்தப் பருமன். எச்.265 என்ற புதிய சுருக்கு முறையைப் போட்டால் சிறிசாகும். ஆனால் அத்தையின் டிவியிலும் ஓட வேண்டுமே, 2003-ல் வந்த பழைய முறையான எச்.264 ஏறக்குறைய எங்கும் ஓடும். ஒலிக்கும் அதே கதை: வட்டில் இருக்கும் ஏசி-3 ஒலியை அப்படியே விட்டால் சில போன்களில் ஊமைப்படம். முதல் ஒலித்தடமாக, போன்களுக்குப் பழகிய ஏஏசி வடிவத்தை வைத்தேன்.

குறை என்று சொல்வதானால், இந்த மென்பொருள் எதைக் கேட்டாலும் பத்துப் பெட்டிகளைத் திறந்து காட்டும். வீட்டு வீடியோவுக்கென்று ஒரு பொத்தான் கிடையாது. ஒருமுறை உங்கள் அமைப்பைச் சரிசெய்து முன்னமைவாகச் சேமித்துக்கொண்டால் அடுத்த அறுபது வட்டுக்கும் தொல்லை இல்லை. அந்த ஒருமுறைக்கு எனக்கு மூன்று நாள். ஒவ்வொரு முயற்சிக்கும் முழு வட்டையும் மாற்றாதீர்கள். ஊஞ்சல் மாதிரி அசைவுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், அந்த வசதி இருக்கிறது.

பெட்டியில் கடையில் வாங்கிய படங்களும் ஏழெட்டு இருந்தன. ஹேண்ட்பிரேக் நகல் பூட்டை உடைக்காது, அவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள். சொந்த வட்டே ஆனாலும் பூட்டை உடைப்பது பல நாடுகளில் சட்டப்படி தப்பு. அவற்றை அப்படியே வைத்துவிட்டேன். பழைய படத்தைப் புதுசாக்கித் தருகிறேன் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றையும் ஆசைக்குப் பார்த்தேன். பாட்டியின் சுருக்கங்களை மெழுகால் பூசி மறைத்துவிட்டது. அந்தக் கோப்பை அன்றைக்கே அழித்தேன்.

வட்டின் தரத்தைத் துளியும் இழக்காமல் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு மேக்எம்கேவி உண்டு. அது மறுபடி சுருக்காது, உள்ளே இருப்பதை எம்கேவி என்ற வகைக் கோப்பின் உறைக்குள் மாற்றிப் போடும், அவ்வளவே. கோடுகளும் அப்படியே இருக்கும். பார்ப்பதற்கு ஹேண்ட்பிரேக் கோப்பு, பத்திரத்துக்கு ஐஎஸ்ஓ என்று நான் பிரித்துக்கொண்டேன். 60 ஐஎஸ்ஓவும் 250 ஜிபியைத் தாண்டவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல், ஒன்று தம்பி வீட்டில்.

63-ல் மீதி மூன்று? ஒன்று, ஸ்டிக்கர் வட்டு, போய்விட்டது. மற்ற இரண்டும் 8 செ.மீ. குட்டி டிவிடிகள், கேம்கார்டரில் நேரடியாகப் பதிந்தவை. இவற்றை உறிஞ்சி இழுக்கும் டிரைவில் போட்டுவிடாதீர்கள், உள்ளேயே தங்கிவிடும். தட்டு வெளியே வரும் டிரைவில், நடுக்குழியில் வைக்க வேண்டும். வைத்தேன். கணினி வெற்று வட்டு என்கிறது. பதிந்து முடித்ததும் கேமராவிலேயே 'ஃபைனலைஸ்' செய்து, மற்ற கருவிகளும் படிக்கும்படி வட்டை முடித்து வைத்திருக்க வேண்டும், செய்யவில்லை. இனி செய்வதானாலும் அந்தக் கேமராவில் செய்வதுதான் நல்லது.

கேமரா சித்தப்பா வீட்டுப் பரணில் இருக்கிறதாம். சார்ஜரைத்தான் காணோமாம்.