கான்ஃபெடரேஷன் பாலம்: போக இலவசம், வரக் காசு

ரொறன்ரோவிலிருந்து பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குக் காரில் போய் வந்தோம். பாலம் 12.9 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம், ரோட்டும் நல்ல ரோட்டு. ஆனால் கடலைப் படம் எடுக்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டிவிடாதீர்கள். காற்றைத் தடுக்கக் கட்டிய பக்கச்சுவர் காரில் இருப்பவரின் கண்ணை மறைக்கும், லொறிக்காரருக்குத்தான் கடல் தெரியும்.

காசு விஷயம் வேடிக்கை. தீவுக்குள் போக ஒரு சதம் வேண்டாம், வெளியே வரும்போது வாங்குவார்கள். காருக்கு 50 டொலர் 25 சதமாக இருந்தது, 2025 ஆகஸ்டில் 20 டொலராகக் குறைத்தார்கள். அங்கேயே குடியேறிவிட்டால் இலவசம்தான் என்றார் மச்சான். உருளைக்கிழங்கை லொறியில் ஏற்றி, காசு கட்டி வெளியே கொண்டுபோய் விற்றுப் பிழைக்கிற இந்தத் தீவு மாகாணத்துக்கு அது அவ்வளவு பெரிய பகிடி இல்லை.

யாழ்ப்பாணத்துக் கேரதீவில் 'பாதை' (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவை) வரும்வரை வெயிலில் காத்துக் கிடந்து சங்குப்பிட்டிக்குக் கடந்தவன் நான், 2011இல் அங்கே பாலம் திறந்தபோது சந்தோஷப்பட்டவன், அதனால் பாலத்தை எதிர்த்து வாய் திறக்கமாட்டேன். இருந்தாலும் தீவுப் பக்கம் பாலம் முடிகிற போர்டன் ஊரில் இறங்கிக் கொஞ்சம் நடந்து பாருங்கள். 1997 மே 31இல் பாலம் திறந்ததோடு அங்கிருந்து ஓடிய கப்பல் நின்றுபோனது. பாலம் கட்டிய நாலு வருஷமும் ஊரில் வேலைக்குக் குறைவில்லை. முடிந்ததும் கட்டினவர்களுக்கும் வேலை இல்லை, கப்பலில் வேலை செய்தவர்களுக்கும் இல்லை. 1988இல் தீவு மக்களிடம் நடத்திய வாக்கெடுப்பிலேயே பத்துக்கு நாலு பேர் தீவைக் கரையோடு நிரந்தரமாக இணைக்க வேண்டாம் என்றார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. சுற்றுலாக்காரர் கூடினார்கள்தான், ஆனால் அது பெரும்பாலும் கோடைகாலப் பிழைப்பு.

தீவில் ஓடிய ரயில் இன்னும் முந்தியே, 1989இல், போய்விட்டது. தண்டவாளம் கிடந்த இடம் இப்போது தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சைக்கிள் பாதை. செம்மண், பச்சை வயல், ஏற்றமே தெரியாத வழி. பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாலத்தில் மட்டும் சைக்கிள் விடமாட்டார்கள், வாகனத்தில் ஏற்றித்தான் கடத்துவார்கள்.

என் யோசனை: போகும்போது பாலம், வரும்போது தீவின் வுட் ஐலன்ட்ஸ் துறையிலிருந்து பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவுக்குப் போகிற கப்பல். அதற்கும் தீவை விட்டு வெளியேறும்போதுதான் காசு. குளிர்காலத்தில் ஓடாது, ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும், ஆனால் மேல்தளத்தில் நின்றால் கடலை மறைக்கச் சுவர் கிடையாது.