நிலநடுக்க மண்டலத்தை வானிலிருந்து கண்காணிக்க எது உதவும்? மோடிஸ், புவிநிலைச் செயற்கைக்கோள், லேண்ட்சாட், ரேடார்: ஓர் ஒப்பீட்டு அலசல்

நிலநடுக்கத்துக்கு முன் தரை சூடாகும், அதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து எச்சரிக்கலாம் என்பது ஒரு கூற்று. கருவிகளை ஒப்பிடும் முன் அதைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பாறைக்குள் வெப்பம் பரவும் திறன் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டர். அந்த வேகத்தில் 30 மீட்டர் ஆழத்துச் சூடு தரைக்கு வந்து சேரவே சுமார் 30 ஆண்டு பிடிக்கும். 10 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து என்றால் 30 லட்சம் ஆண்டு. ஆக, ஆழத்தில் பாறை உரசிச் சூடேறி, அந்தச் சூடு மேலே வந்து படத்தில் தெரிகிறது என்ற விளக்கம் செல்லாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கண்டப் பகுதிகளில் பூமிக்குள்ளிருந்து வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 0.065 வாட். 300 கெல்வினில் இருக்கும் தரை ஒரே ஒரு கெல்வின் கூடினால் அது கூடுதலாக வீசும் கதிர்வீச்சு 6 வாட், அதாவது கிட்டத்தட்ட நூறு மடங்கு. இதனால்தான் ஆய்வாளர்கள் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். ரேடான் வாயு கசிந்து காற்றை அயனியாக்க, நீராவி ஒடுங்கி உள்ளுறை வெப்பத்தை விடுகிறது என்பது ஒன்று. அழுத்தத்துக்கு உள்ளான பாறையில் மின்னூட்டங்கள் விடுபட்டு மேற்பரப்புக்கு வருகின்றன என்பது மற்றொன்று. இரண்டும் கருதுகோள்களாகவே நிற்கின்றன. தேடப்படும் குறியோ 2 முதல் 4 கெல்வின். வறண்ட நிலத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையே தரைவெப்பநிலை அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும்.

மோடிஸ், விர்ஸ்: ஆவணம் நீளம், பார்வை குறைவு

மோடிஸ் என்பது டெரா, அக்வா என்ற இரண்டு நாசா செயற்கைக்கோள்களில் உள்ள கருவி. அதன் பெரிய பலம் தரவு வரலாறு. டெரா 1999 டிசம்பரிலும் அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டன. 11, 12 மைக்ரோமீட்டர் பட்டைகள் இரண்டையும் சேர்த்துத் தரைவெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 1 கிலோமீட்டர். இயல்பு நிலை எது என்று தெரிந்தால்தான் இயல்பை மீறியதைச் சொல்ல முடியும் என்பதால் இருபது ஆண்டுக்கு மேலான தொடர் இங்கே பெரிய சொத்து.

தினசரித் தரைவெப்பநிலைக் கோப்பில் இருக்கும் எண்ணை 0.02-ஆல் பெருக்கினால் கெல்வின் கிடைக்கும். அளவீடு எவ்வளவு நம்பகம் என்று சொல்லும் தரக்குறியின் முதல் இரண்டு பிட்டும் சுழியமாக உள்ள பிக்சல்களை மட்டும் எடுங்கள். பார்வைக் கோணம் 40 பாகையைத் தாண்டியதைத் தள்ளிவிடுங்கள். ஓரத்தில் ஒரு பிக்சல் 2-க்கு 4.8 கிலோமீட்டராக விரிந்து பக்கத்து மலையையும் சமவெளியையும் ஒன்றாகக் குழைத்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது கடக்கும் நேரத்தை. டெரா நில நடுக்கோட்டைக் காலை, இரவு 10:30-க்குக் கடந்துகொண்டிருந்தது. 2020-க்குப் பிறகு அதன் சுற்றுப்பாதையைத் திருத்துவது நின்றுபோக, அது கடக்கும் நேரம் முன்னதாகிக்கொண்டே வருகிறது; அக்வாவின் நேரமோ தாமதமாகிக்கொண்டே போகிறது. பழைய ஆண்டுகளின் சராசரியோடு புதிய இரவுப் படத்தை அப்படியே கழித்தால், நேர வித்தியாசமே வெப்ப மாற்றம்போல வேடம் போடும். கோப்பில் பார்வை நேரம் தனி அடுக்காக இருக்கிறது. அதைப் பார்க்காமல் தொடராதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் மோடிஸுக்கு அடுத்து வந்த விர்ஸ் கருவிக்கு மாறிக்கொள்வது நல்லது. 375, 750 மீட்டர் பிக்சல், ஓரத்திலும் அவ்வளவாக விரியாது.

புவிநிலைச் செயற்கைக்கோள்: வெப்ப ஆய்வுக்கு என் முதல் தேர்வு

புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நின்றபடி பார்க்கும். ஐரோப்பாவின் மீட்டியோசாட்டில் உள்ள செவிரி கருவி 15 நிமிடத்துக்கு ஒரு படம் தரும், நேர்கீழே 3 கிலோமீட்டர் பிக்சல். ஜப்பானின் ஹிமாவாரி 10 நிமிடம், 2 கிலோமீட்டர். இந்தியாவின் இன்சாட்-3டி வரிசை அரை மணி, 4 கிலோமீட்டர். பிக்சல் பெரிதுதான். ஆனால் தேடுவது நூறு கிலோமீட்டர் பரவும் மாற்றத்தை என்றால் அது குறையே அல்ல. உண்மையான எதிரி மேகம். இரவு ஒரு மணி முதல் மூன்று மணி வரை செவிரியிடம் எட்டு ஒன்பது படங்கள் கிடைக்கும். ஒன்றில் மேகம் விலகினாலும் அந்த பிக்சல் கைக்கு வரும். தினமும் ஒரே நேரம், ஒரே கோணம் என்பது அடுத்த லாபம். மார்ச், செப்டம்பர் சமஇரவு நாள்களையொட்டி, செயற்கைக்கோளுக்கு நேர்கீழ் உள்ள இடத்தின் நள்ளிரவு வாக்கில், சூரியன் கருவியின் பார்வைக்குள் எட்டிப்பார்க்கும். அந்த வாரங்களில் படம் விடுபடலாம். அதற்கு இடம் விட்டே திட்டமிட வேண்டும்.

எந்தச் செயற்கைக்கோளாக இருந்தாலும் கணக்கு முறை பெரும்பாலும் இதுதான்: ஒவ்வொரு பிக்சலின் வெப்பநிலையிலிருந்து அன்றைய படத்தின் இடச் சராசரியைக் கழித்து, அதே மாதம், அதே நேரத்துக்கான பல்லாண்டுச் சராசரியையும் கழித்து, திட்ட விலக்கத்தால் (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) வகுப்பது. பார்க்க நேர்த்தியானது. சறுக்குவது இடச் சராசரியில்.

ஒரு பகுதியில் பாதி சமவெளி, இரவில் 296 கெல்வின். மீதிப் பாதி மலை, 280 கெல்வின். சராசரி 288, சமவெளியின் விலகல் +8. மறுநாள் சமவெளியின் பெரும்பகுதியை மேகம் மூடி, மொத்தப் பரப்பில் பத்து விழுக்காடு அளவு சமவெளி மட்டும் தெரிகிறது. மலை முழுதும் தெரிகிறது. இப்போது சராசரி 282.7-க்கு இறங்கிவிடும். சமவெளியின் விலகல் +13.3. தரை துளிகூடச் சூடாகாமலே 5.3 கெல்வின் 'ஏற்றம்'! திட்ட விலக்கம் 1.5 என்றால் இது மூன்றரை சிக்மா, அதாவது திட்ட விலக்கத்தின் மூன்றரை மடங்கு. இதைத் தடுக்க மலை, சமவெளி, கடல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சராசரி எடுங்கள். ஒரு வகையில் பெரும்பகுதி மறைந்திருந்தால் அந்தப் படத்தையே ஒதுக்குங்கள்.

குஜராத்தின் 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்துக்கு முன் தரை சூடானதாக வந்த கூற்றுகளை பிளாக்கெட், வூஸ்டர், மலமுட் ஆகியோர் 2011-ல் மோடிஸ் தரவை வைத்து மறுபடி சோதித்தார்கள். மற்ற ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய சூடு எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. மேகம் விட்ட ஓட்டைகளும் அடுத்தடுத்த சுற்றுகளை ஒட்டியதும் இந்த முறையையே ஒருபக்கம் சாய்க்கின்றன என்றும் காட்டினார்கள்.

மேகம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். இரவில் மேகத்தின் கீழ் உள்ள தரை மெதுவாகவே குளிரும். மேகம் விலகிய உடனே எடுத்த படத்தில் அந்த இடம் சூடான திட்டாகத் தெரியும். மழை பெய்து ஈரமான மண்ணும் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்றும் கணக்கைக் கெடுக்கும். முந்தைய இரண்டு நாள் மழை, காற்றுத் தரவைப் பக்கத்தில் வைக்காமல் எந்தத் திட்டையும் குறிக்காதீர்கள்.

லேண்ட்சாட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு முறை, அதுவும் பெரும்பாலும் பகலில்; இரவுப் படம் தனிக் கோரிக்கையில்தான். 30 மீட்டர் கட்டமாகக் கோப்பு வந்தாலும் வெப்பக் கருவியின் உண்மையான அளவு 100 மீட்டர். வெந்நீர் ஊற்று, வாயு கசியும் வாய், பிளவுக்கோட்டையொட்டிய ஈரக்கசிவு ஆகியவற்றை வரைபடமாக்க அருமையானது. தினசரிக் கண்காணிப்புக்கு ஆகாது. மேகத்தை ஊடுருவும் ஏஎம்எஸ்ஆர்2 போன்ற நுண்ணலைக் கருவிகளும் உண்டு. ஆனால் மண்ணின் ஈரம் மாறினாலே அவற்றின் எண் மாறும்.

ரேடார்: வெப்பத்தை விட்டு அசைவை அளப்பது

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடாரின் அலைநீளம் 5.5 சென்டிமீட்டர். 12 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் வண்ண வளையங்கள் கொண்ட படம் கிடைக்கும்; ஒவ்வொரு வளையமும் செயற்கைக்கோளின் பார்வைத் திசையில் 2.8 சென்டிமீட்டர் அசைவு. மேகமும் இரவும் பொருட்டில்லை. கலிபோர்னியாவின் 1992 லேண்டர்ஸ் நிலநடுக்கத்தின் வளையப் படம் 1993-ல் வெளியானது முதல் இது சோதித்துத் தேறிய வழி. காரணத்துக்கும் குறிக்கும் இடையே கருதுகோள் எதுவும் தேவையில்லை; தட்டு தள்ளுகிறது, தரை நகர்கிறது, ரேடார் அளக்கிறது.

சிக்கல்கள் இங்கேயும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காடு மாறினால் 10 சென்டிமீட்டர் வரை பொய் அசைவு தெரியலாம். அதனால் ஒரு ஜோடிப் படத்தை நம்பாமல், சில ஆண்டுப் படங்களைக் கோத்து ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தைப் பிழிந்தெடுக்க வேண்டும். துருவப் பாதையில் போவதால் வடக்கு-தெற்கு அசைவு கிட்டத்தட்டத் தெரியாது. துருக்கியில் கிழக்கு-மேற்காக ஓடும் வடக்கு அனடோலியப் பிளவில் ஆண்டுக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் நகர்வது நன்றாகப் பிடிபடும். வடக்கு-தெற்காக, ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நகரும் சாக்கடல் பிளவு நழுவிவிடும். அங்கே தரையில் நட்ட ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற இடமறியும் அமைப்பு) நிலையங்கள் வேண்டும். அடர்காட்டில் இலை அசைந்தே இரண்டு படங்களுக்கும் இடையிலான ஒப்புமை கெடும். 24 சென்டிமீட்டர் அலை கொண்ட கருவிகள் தாங்கும். 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோள் நிசார் அந்த வகை.

ஒரே ஒரு வேலையைத்தான் எடுக்க முடியும் என்றால் ரேடாரையும் ஜிஎன்எஸ்எஸ்-ஐயும் எடுங்கள். எந்தப் பிளவு பூட்டிக்கிடக்கிறது, எங்கே இறுக்கம் சேர்கிறது என்று அவை சொல்லும்; தேதி சொல்லாது. தேதி சொல்ல ஆசைப்படுவது வெப்ப முறைதான், அதனாலேயே அதற்குக் கடுமையான தேர்வு தேவை. 500 கிலோமீட்டருக்கு 500 கிலோமீட்டர் பரப்பில், 1 கிலோமீட்டர் பிக்சலில், மூன்று சிக்மாவைத் தற்செயலாகவே தாண்டுபவை ஓர் இரவுக்குச் சுமார் 340. ஆகவே எத்தனை பிக்சல் சேர்ந்தால், எத்தனை இரவு நீடித்தால் எச்சரிக்கை, அது எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை நாளுக்கு, எந்த அளவு நிலநடுக்கத்துக்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே எழுதிப் பூட்டிவிடுங்கள். பிறகு நிலநடுக்கம் வராத எச்சரிக்கைகளையும், எச்சரிக்கை இல்லாமல் வந்த நிலநடுக்கங்களையும் சேர்த்தே எண்ணுங்கள். எச்சரிக்கை மொத்தக் காலத்திலும் பரப்பிலும் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தவருக்கும் ஏறக்குறைய 30 விழுக்காடு நிலநடுக்கங்கள் கிடைத்துவிடும்.