களிம்புக்கு முன்னால்: கழிப்பறைக்குப் பிறர் உதவி தேவைப்படுவோரின் தோல் பராமரிப்பு, ஓர் ஒப்பீடு

தாமாகக் கழிப்பறைக்குச் செல்ல இயலாத ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் களிம்பு நல்லது என்பதைத்தான். ஆனால் களிம்புக் குழாயைத் திறப்பதற்கு முன்பே, எதைக் கொண்டு சுத்தம் செய்கிறோம், எவ்வளவு நேரம் ஈரத்திலேயே விட்டுவைக்கிறோம் என்ற இரண்டும் தோலின் நிலையைப் பெருமளவு முடிவு செய்துவிடுகின்றன. ஆகவே இந்த ஒப்பீட்டைச் சுத்தம் செய்வதிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பிஹெச் அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) அதில் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருக்கும். சிறுநீரிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றும்போது அந்த அமிலத்தன்மை குலைகிறது. மலத்தில் இருக்கும், புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகளோ காரத்தன்மை கூடும்போது இன்னும் வீரியமாகச் செயல்படுகின்றன. சிறுநீரும் மலமும் சேர்ந்து படும் இடத்தில், அதிலும் பேதியாகப் போகும் நாட்களில், தோல் வெகு விரைவில் சிவந்து உரிவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நிலையில் சாதாரணக் குளியல் சோப்பு உதவியை விட உபத்திரவமே செய்கிறது. அதன் பிஹெச் பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருப்பதால், ஏற்கெனவே கூடியிருக்கும் காரத்தன்மையை அது மேலும் கூட்டுகிறது. தோலின் இயல்பான எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை குளிக்கும்போது தெரியாத இந்தக் கெடுதல், நாளொன்றுக்குப் பல முறை கழுவ நேரும் இடத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 13 ஆய்வுகளைக் கொண்டு 2016இல் வெளியிட்ட திறனாய்வும், இவ்வகைத் தோல் அழற்சியைத் தடுப்பதில் சோப்பும் தண்ணீரும் சரியாகச் செயல்படவில்லை என்றே கண்டது. கிருமிநாசினித் திரவத்தை வெந்நீரில் கலந்து துடைப்பது இதைவிட மோசமான வழக்கம்; சுத்தமாகிவிட்டது என்ற மனநிறைவு மட்டுமே அதில் கிடைக்கும்.

தோலின் பிஹெச்சுக்கு நெருக்கமான, சோப்பு கலவாத கழுவுதிரவம் இவற்றுள் சிறந்தது. அதிலும் கழுவிவிடத் தேவையில்லாத வகை, ஒருவரே தனியாகப் பராமரிக்கும் வீட்டில் மிகுந்த வசதி. அது கிடைக்காத இடத்தில், வெதுவெதுப்பான தண்ணீரும் மிருதுவான துணியும் சோப்பை விட மேல். ஈரத் துடைப்பான்கள் அவசரத்துக்கு உதவுகின்றன, ஆனால் வாங்கும்போது உறையைப் படித்தாக வேண்டும்: ஆல்கஹால், வாசனைப் பொருள், மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி ஆகியவை இல்லாததாக இருக்க வேண்டும். ஒவ்வாமையை உண்டாக்குவதில் கடைசியாகச் சொன்ன பொருள் பெயர் பெற்றது. மூக்குக்குப் பிடித்த வாசனை தோலுக்கும் பிடிக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. எதனால் துடைத்தாலும், தேய்க்காமல் ஒற்றியெடுப்பதும், பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைப்பதும், மடிப்புகளில் ஈரம் தங்காமல் பார்ப்பதும் மாறாத விதிகள்.

இனி களிம்புகள். துத்தநாக ஆக்சைடு கலந்த வெள்ளைக் களிம்பு தடித்த மறைப்பாக நிற்பதால் பேதியின்போது அதற்கு ஈடானவை குறைவு; ஆனால் அடியில் தோல் எப்படி இருக்கிறது என்பதை அது மறைத்துவிடுகிறது, எளிதில் நீங்குவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதை முழுவதுமாகச் சுரண்டியெடுக்க முயல்வதால் வரும் காயம், சிறுநீரால் வருவதற்குக் குறைந்ததல்ல. அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைத்துவிட்டு அதன்மேல் மீண்டும் பூசினால் போதும். பெட்ரோலியம் ஜெல்லி மலிவானது, கண்ணுக்குத் தோல் தெரியும். ஆனால் அளவுக்கு மேல் பூசினால் டயபரின் உறிஞ்சும் பரப்பில் ஒட்டி அதன் வேலையைக் கெடுக்கும். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் வகைப் பொருள் கலந்த களிம்பில் இந்தக் குறை குறைவு என்பதால், சிறுநீர் மட்டுமே பிரச்சினையாக இருப்பவருக்கு முதலில் அதையே நான் பரிந்துரைப்பேன். பவுடரைத் தவிர்த்துவிடலாம், ஈரத்தில் கட்டியாகி மடிப்புகளில் உராயத்தான் அது பயன்படும்.

டயபரா, விரிப்பா என்ற கேள்விக்கு நாள் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. எழுந்து நடமாடுபவருக்கும், வெளியே செல்லும் நேரத்துக்கும் டயபர் தேவை. ஆனால் படுக்கையில் இருக்கும் நேரமெல்லாம் அதை இறுக்கிக் கட்டி வைத்தால் உள்ளே வெப்பமும் ஈரமும் அடைபடும். அந்த நேரங்களில் உறிஞ்சும் விரிப்பைக் கீழே இட்டு டயபரைத் திறந்து விடுவது தோலுக்குக் காற்றோட்டம் தரும். கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி இரண்டு மூன்று விரிப்புகளை அடுக்குவது வெப்பத்தையும் அழுத்தத்தையும் கூட்டுவதில்தான் முடியும்.

உட்கார முடிந்தவருக்கு, படுத்தபடியே அடியில் வைக்கும் பாத்திரமான பெட்பேனை விடக் கமோடு நாற்காலி மேல். குடல் எளிதாகக் காலியாகும், இடுப்பெலும்பின் மீது அழுத்தமும் குறையும். பெட்பேனை மறந்து நெடுநேரம் அடியிலேயே விட்டுவைத்தால் அந்த விளிம்பே புண்ணை உண்டாக்கும். ஈரத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் சிறுநீர்ப்பைக்குள் கத்தீட்டர் என்ற சிறுநீர்க் குழாயைப் போடச் சொல்லிக் கேட்பது பொதுவாக நல்லதல்ல. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆண்களுக்கு வெளியே பொருத்தும் உறை வகை, தோலில் புண் இல்லாதவரை, நடுவழியாக இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சிவப்பு தோன்றினால், அது எத்தகையது என்று பிரித்தறியாமல் களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஈரத்தால் வருவது தெளிவான எல்லையின்றி மடிப்புகளிலும் பிட்டத்திலும் பரவியிருக்கும். அழுத்தத்தால் வருவது வால் எலும்பு போன்ற எலும்பு முனையின் மேல், விளிம்போடு தென்படும். விரலால் அழுத்தினாலும் வெளிறாது. அதற்குக் களிம்பல்ல, பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதே வழி. சிவப்பைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகளாகத் தனித்து நின்றால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, அதற்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து வேண்டும். தோல் திறந்து நீர் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வலியால் நோயாளி தொடவிடாமல் தடுத்தாலோ, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.