அறுபதாம் கல்யாணப் படத்துக்கு எந்தக் காகிதம்? கிளாஸி, மேட், லஸ்டர்: ஓர் ஒப்பீடு

பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதென்று முடிவானபோது, அதை முதலில் 8×12 அங்குல அளவில் கிளாஸி, மேட், லஸ்டர் ஆகிய மூன்று காகிதங்களிலும் ஒரே கடையில், ஒரே நாளில் அச்சிட்டு வாங்கினேன். அம்மாவின் அரக்கு நிறப் பட்டுப் புடவை, அதன் சரிகை, அப்பாவின் வெள்ளை வேட்டி, பின்னால் ஹோமப் புகை சூழ்ந்த இருண்ட மண்டபம் என்று அடர்நிறமும் வெண்மையும் ஒருங்கே அமைந்த படம் அது.

கடையின் மேசையில் கிளாஸிக்கு ஈடில்லை. அதன் வழவழப்பான பரப்பு தன்மேல் விழும் ஒளியைக் கண்ணாடி போல ஒரே திசையில் திருப்பிவிடுவதால், வேறு திசையிலிருந்து பார்ப்பவருக்குக் கருமை கலப்பில்லாமல் தெரிகிறது. புடவையின் மடிப்புகளை எண்ணிவிடலாம். ஆனால் பால்கனிக்கு எதிர்ச்சுவரில் அதைப் பிடித்துப் பார்த்தபோது அப்பாவின் முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. நான்கு பேர் கைமாற்றிப் பார்த்ததற்குள் விரல் ரேகைகளும் படிந்துவிட்டன.

மேட் காகிதமோ ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் முகங்கள் கண் கூசாமல் தெரிகின்றன. எனினும் சிதறிய ஒளியில் ஒரு பகுதி கருமையோடு கலந்துவிடுவதால் மண்டபம் சாம்பல் பூத்தாற்போல் ஆகி, சரிகையும் மங்கியது. இது காகிதத்தின் குறையன்று. பாட்டியின் பழைய கருப்பு-வெள்ளைப் படத்துக்கு நான் தயங்காமல் மேட்டையே தேர்ந்தெடுப்பேன். பட்டுக்கும் சரிகைக்கும் அது ஒத்துவரவில்லை.

லஸ்டரின் பரப்பில் கண்ணுக்கு மெல்லத் தெரியும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உள்ளன. பளபளப்பு இருந்தும் பிரதிபலிப்பு உடைந்துவிடுவதால், அரக்கு நிறத்தின் ஆழம் பெரும்பாலும் காக்கப்பட்டது. பால்கனி வெளிச்சமும் முகத்தை மறைக்கவில்லை. கூடத்துக்கு இதுவே சரியென்று அம்மாவும் அங்கேயே சொல்லிவிட்டார்.

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். முன்பொரு முறை வேறொரு கடையில் மேட் என்று கேட்டபோது லஸ்டரையே எடுத்துக் கொடுத்தார்கள். மாதிரித் துண்டை வாங்கி, சன்னலருகே சாய்த்துப் பார்த்த பிறகே அச்சிடச் சொல்லுங்கள். தேன்கூடு போன்ற வரி அழுத்திய சில்க் காகிதம் விரல் ரேகையைத் தாங்கும். ஆனால் பிற்காலத்தில் அந்தப் படத்தை ஸ்கேன் செய்ய நேர்ந்தால் அவ்வரிகளும் சேர்ந்தே பதிவாகும் என்பதால் குடும்பப் படங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தக் காகிதமானாலும் படம் ஃபிரேமின் கண்ணாடியில் நேரடியாகப் படக் கூடாது. எங்கள் தாத்தாவின் கிளாஸிப் படம் மழைக்கால ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரிக்கத் துணியாமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டியதாயிற்று. இடையில் ஒரு மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை) வைத்திருந்தால் அந்தப் படம் தப்பியிருக்கும்.

இப்போது கூடத்துக்கு லஸ்டரில் 12×18 அங்குலப் படம் ஒன்றும், அத்தை, சித்தப்பா வீட்டு ஆல்பங்களுக்குக் கிளாஸியில் 4×6 அங்குலப் படங்களும் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் 2:3 விகிதமே என்பதால் அம்மாவின் புடவைத் தலைப்பு எதிலும் வெட்டுப்படாது.