ரேடியோவா, டிவியா? சேலத்திலிருந்து ஒரு வாரக் கணக்கு

ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் போட்டி என்றால் சிரிப்பார்கள். இரண்டுமே பிரசார் பாரதி வீட்டுப் பிள்ளைகள். ஆனால் வேலை போக நமக்கு மிஞ்சுகிற ஒன்றிரண்டு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று வரும்போது போட்டி வந்துவிடுகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வார நாட்களில் வானொலி, கச்சேரிக்கும் பயிர் நோய்க்கும் மட்டும் டிவி.

காலை நேரத்தில் டிவிக்கு இடமே இல்லை. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவரும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிறவரும் திரையைப் பார்த்துக்கொண்டா வேலை செய்ய முடியும்? 7.15 மணி டெல்லிச் செய்தியைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்த தலைமுறை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. 2022இல் மறைந்த செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் அவர்களுக்கு மனப்பாடம். ஜூன் நெருங்கினால் மேட்டூர்க் கவலையும் சேர்ந்துகொள்ளும். வழக்கமாக 12ஆம் தேதி டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி என்பதை வானொலி வாய்விட்டுச் சொன்னால் போதும். அதே எண் டிவியில் கீழே ஓடுகிற வரியில் வந்தால், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

சரி, எந்த வானொலி? இங்கேதான் சேலத்துக்காரருக்குச் சிக்கல். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், கோவை 999, இரண்டும் மத்திய அலை. தருமபுரி 102.5 பண்பலை. பண்பலை சுத்தமாகக் கேட்கும், ஆனால் நேர்க்கோட்டில்தான் வரும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் சேர்வராயன் மலை குறுக்கே படுத்திருப்பதால், ஓமலூர்ப் பக்கம் கணீரென்று கேட்பது அடிவாரத்துக்குத் தெற்கே வீட்டுக்கு வீடு மாறும். மத்திய அலைக்கு மலை ஒரு பொருட்டில்லை. அதற்கு எதிரி மோட்டாரும் மலிவு எல்.இ.டி. பல்பும். விசைத்தறிக் கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் திருச்சியை வைத்தால் பாட்டுக்குப் பின்னால் ஒரு கரகரப்பு ஓடிக்கொண்டே இருக்கும். பலர் உடனே ஏரியலை இழுத்து நீட்டுவார்கள். சாதாரணப் பெட்டிகளில் அந்தக் கம்பி பண்பலைக்கானது, மத்திய அலைக்கு அதனால் பயனில்லை. பெட்டிக்குள் ஒரு கறுப்பு ஃபெரைட் தண்டு கிடக்கிறது, ஏரியல் அதுதான். அதற்குத் திசை உண்டு. பெட்டியை மேசையில் வைத்து மெதுவாகத் திருப்பினால், ஒரு கோணத்தில் கரகரப்பு அடங்கிப் பேச்சு தெளியும். அந்தக் கோணத்தில் விட்டுவிட வேண்டியதுதான்.

டிடி தமிழின் கதை வேறு. 1975இல் சென்னையில் தொடங்கி, பொதிகை ஆகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. எங்கள் பக்கம் வாயில் வருவது இன்னும் பொதிகைதான். ஒரு காலத்தில் சேலத்து மொட்டை மாடி ஆன்டெனாக்கள் எல்லாம் ஏற்காட்டைப் பார்த்து நின்றன. தூர்தர்ஷன் டவர் அங்கே. பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பைப் பிரசார் பாரதி 2022 மார்ச்சுக்குள் பெரும்பாலும் முடித்துக்கொண்டது. இப்போது கேபிளோ டிஷ்ஷோ வேண்டும். மாதக் கட்டணம் கட்ட மனமில்லாதவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, செட்டாப் பாக்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை செலவோடு சரி. ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் மட்டும் பார்த்து மாட்ட வேண்டும். செயற்கைக்கோள் தென்கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கிறது, காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் கிளை குறுக்கே வந்தால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். பெருமழை பிடித்தாலும் அதே கதி. மழை நாளில் மலை மேல் வானொலியை மிஞ்ச ஆளில்லை.

விவசாய நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டால், வானொலியின் புகழ் பழையது. ஏடிடி 27 நெல்லுக்கு 1960களில் தஞ்சைப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது, திருச்சி நிலையம் அவ்வளவு பரப்பியது. ஆனால் நம் ஊர்ப் பயிர் மரவள்ளி. 2020இல் புது மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்து, குருத்து சுருண்டு கொத்தாகிப் போனபோது, அதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். எது பூச்சி, எது நமக்கு உதவும் குளவி என்பது கண்ணால் பார்க்க வேண்டிய விஷயம். இந்த ஒன்றில் தூர்தர்ஷனின் விவசாய நிகழ்ச்சியான 'வயலும் வாழ்வும்' பாணி படப்பிடிப்புக்குத்தான் என் ஓட்டு.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த அலசலே வேண்டாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு ரிமோட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

இனி வார இறுதி இசைக்கு வருவோம். சங்கீதத் தேசிய நிகழ்ச்சி 1952 முதல் வானொலியின் சொத்து, சனி இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கத் தோதானது. என்றாலும் கச்சேரியைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். மிருதங்கக்காரரின் விரலும், வயலின்காரர் திரும்பிப் பார்க்கும் பார்வையும் சேர்ந்தால்தான் கச்சேரி. ஜனவரியில் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போது அத்தனை வாய்களும் ஒரே தாளத்தில் அசைவதை டிவியில் பார்க்க வேண்டும். மிருதங்கம் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனத்தின்போது கேமராக்காரர் பாடகரின் பிளாஸ்க்கைக் காட்டினால்தான் கோபம் வரும்.

வைகுண்ட ஏகாதசி மட்டும் விதிவிலக்கு. ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறப்பைத் திருச்சி வானொலியின் நேர்முக வர்ணனையில் கேட்டால், பெருமாள் எந்த வாசலில் நிற்கிறார், என்ன சாத்தியிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். வாசலில் கோலம் போட்டபடியே சேவிக்கலாம். மாதக் கடைசி ஞாயிறு 11 மணிக்குப் பிரதமர் பேசும் 'மனதின் குரல்' இரண்டிலும் வருகிறது. அதில் பார்க்க ஒன்றுமில்லை, காது போதும்.

'எல்லாம் மொபைலில் வருகிறதே' என்பார்கள். நியூஸ் ஆன் ஏர் செயலியில் நிலையங்கள் கிடைக்கின்றன, 2024 நவம்பரில் பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியும் வந்துவிட்டது. மோட்டார் இரைச்சல் இல்லை, உண்மைதான். ஆனால் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் டேட்டா வந்து வந்து போகும்.

புதுப் பெட்டி வாங்குவதாக இருந்தால் எம்.டபிள்யூ., அதாவது மத்திய அலை, இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே 936 வைத்துப் பாருங்கள். இப்போது வருகிற சின்னப் பெட்டிகள் பலவற்றில் பண்பலை மட்டும்தான்.